உப்புக்காற்று ஊரில் ஜிப்சம் பலகை: உற்பத்தியாளர் சங்கத்துக்கு என்ன வேலை?

கீழக்கரையில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வீடு. வளைகுடாவில் உழைத்த பணத்தில் எழுப்பியது. கூடத்தில் ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். இரண்டு ஐப்பசி மழை போனதும் அந்த வெள்ளைக் கூரையில் சாணுக்கு ஒன்றாகப் பழுப்புப் புள்ளிகள் கிளம்பிவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு ஸ்குரூ இருந்த இடம். வேலை செய்து கொடுத்த இளைஞர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"போர்டு நல்ல போர்டுதான் காக்கா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கு. ஸ்குரூதான் துருப்பிடிச்சிருச்சு."

"ஸ்குரூவும் நீ வாங்குனதுதானே தம்பி?"

"கடையில குடுத்ததை வாங்குனேன். கடக்கரை ஊருக்கு எதைப் பூட்டணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். அந்தத் தம்பி சாக்குச் சொல்லவில்லை. பலகை ஓர் ஊரில் உருவாகிறது, அதைத் தாங்கும் தகட்டுச் சட்டமான சேனல் இன்னோர் ஊரில், ஸ்குரூவும் பலகைகளின் இணைப்பில் ஒட்டும் ஜாயின்ட் டேப்பும் வேறெங்கோ. எல்லாம் தனித்தனிப் பெட்டியில் இராமநாதபுரத்துக் கடைக்கு வந்து சேர்கின்றன. கூரை என்பது இவை அத்தனையும் கூடியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கம்பெனி பொறுப்பேற்கும். கூடி நிற்கும் கூரைக்கு யார் பொறுப்பு? உற்பத்தியாளர் சங்கம் என்ற அமைப்பின் தேவை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சங்கம் என்றதும் நமக்குத் தொழிலாளர் சங்கம்தான் நினைவுக்கு வரும். கூலி, போனஸ், கொடி, மே தின ஊர்வலம். இங்கே பேசுவது வேறு. சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகள், பொதுக் காரியங்களுக்கு மட்டும் கூடி உட்காரும் அமைப்பு இது. அமெரிக்காவில் ஜிப்சம் அசோசியேஷன் 1930 முதல் இயங்குகிறது. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்களைச் சேர்த்து யூரோஜிப்சம் 1961இல் உருவானது. பிரிட்டனில் ஜிப்சம் புராடக்ட்ஸ் டெவலப்மென்ட் அசோசியேஷன் இருக்கிறது. பூச்சுக்கான ஜிப்சம் மாவும் பலகையும் செய்கிறவர்களின் சங்கங்கள் இவை. இவை செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, முதலில் ஜிப்சம் என்ற பொருளின் குணம் தெரிய வேண்டும்.

அந்தக் குணத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். வாலிநோக்கத்து உப்பளம் போதும். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் மாரியூர்–வாலிநோக்கம் பகுதியில்தான் உப்பு விளைவிக்கிறது. பாத்திகளில் நிற்கும் உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறும். பாமே அளவில் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முந்தைய பாத்திகளிலேயே வேறொன்று படிந்துவிடும்: அதுதான் ஜிப்சம். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் சமையல் உப்பு 27 கிலோ அளவுக்கு இருந்தால் ஜிப்சம் ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கும். நம் கடலோரத்தின் அன்றாட வேலைக்குள் மறைந்திருக்கும் கனிமம் இது. சித்த மருத்துவத்தில் இதற்குக் கற்பூர சிலாசத்து என்று பெயர். புடம் போட்டுப் பற்பமாக்கி மருந்தாகக் கொடுப்பார்கள்.

கட்டுமானத்திலும் நடப்பது ஒருவகைப் புடம்தான். ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு தண்ணீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு வெளியேறினால் கிடைக்கும் வெள்ளை மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கொத்தனார் வாயில் பி.ஓ.பி. அதில் தண்ணீர் விட்டால், இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் கல்லாகும். அந்தக் கூழை இரண்டு தாள்களுக்கு நடுவே ஓடவிட்டு இறுக வைத்து, அறுத்து, உலர்த்தினால் ஜிப்சம் பலகை. அமெரிக்கர் அகஸ்டின் சாக்கெட் இதன் மூதாதைப் பலகைக்குக் காப்புரிமை பெற்றது 1894இல்.

உள்ளே அடைபட்ட அந்தத் தண்ணீரே இந்தப் பலகையின் பெரிய பலம். ஆறடிக்கு நாலடிப் பலகை ஒன்றில், பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனத்தில், மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. தொட்டால் உலர்ந்த பொருள். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை பலகையின் மறுபக்கம் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். அதைத் தாண்டிச் சூடு ஏறாது. வீட்டில் இருப்பவர்கள் வெளியேற அந்த நிமிடங்கள் கைகொடுக்கும்.

ஆனால் எத்தனை நிமிடம்? இதைச் சொல்லச் சோதனை வேண்டும். முழுச் சுவரையே கட்டி உலையில் நிறுத்தி எரித்துப் பார்க்கும் சோதனை அது, செலவு அதிகம். பலகை ஒன்றா இரண்டா, சட்டம் மரமா இரும்பா, ஸ்குரூ எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனியாக எரிக்க வேண்டும். எந்தக் கம்பெனியும் எல்லாவற்றையும் தனியாகச் செய்து முடிக்காது. செய்தாலும் முடிவைப் பூட்டி வைத்துக்கொள்ளும். அமெரிக்கச் சங்கம் ஜி.ஏ.600 என்ற கையேட்டை வெளியிட்டு, அவ்வப்போது திருத்தியும் வருகிறது. எந்தச் சுவர் அமைப்பு எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும், எவ்வளவு ஒலியை மறிக்கும் என்று படம் போட்டுச் சொல்லும் கையேடு. அங்குள்ள கட்டட விதிகளே அதை மேற்கோள் காட்டுகின்றன. அதில் பல அமைப்புகள் எந்த ஒரு கம்பெனிக்கும் உரியவை அல்ல. தகுதியான பலகை எதுவாயினும் பொருந்தும். சங்கம் என்ற ஏற்பாட்டின் பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. போட்டியாளர்கள் கூடிச் செலவைச் சுமந்து பெற்ற அறிவு, கடைசியில் ஊர்ப்பேர் தெரியாத ஒரு தச்சருக்கும் மேஸ்திரிக்கும் இலவச வழிகாட்டியாகப் போய்ச் சேர்கிறது.

அடுத்தது தரநிர்ணயம். இந்தியாவில் ஜிப்சம் பலகைக்கு ஐ.எஸ். 2095, பூச்சு மாவுக்கு ஐ.எஸ். 2547. இவற்றைக் கவனிப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சி.ஈ.டி. 4 என்ற குழு. கட்டடச் சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. நம் பகுதிக்கு இது பொருத்தமான சேர்க்கை என்பதைப் பிறகு சொல்கிறேன். இத்தகைய குழுக்களில் உற்பத்தியாளர், ஆய்வுக்கூடம், அரசுத்துறை, பயன்படுத்துவோர் எனப் பல தரப்பினரும் உட்காருவார்கள். வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்கும் வெளியிடப்படும். சங்கமாகத் திரண்டிருப்பவர்களின் அனுபவம் அங்கே எழுத்தாக நுழைகிறது. சிதறிக் கிடப்பவர்களின் அனுபவம் டீக்கடைப் பேச்சோடு நின்றுவிடுகிறது.

தரம் எழுதப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கக் கடற்கரையில் ஒரு பாடம் உண்டு. 2000களின் நடுவில் வீடு கட்டும் வேகமும் புயல் சேதமும் சேர்ந்து பலகைக்குத் தட்டுப்பாடு வர, சீனாவிலிருந்து பெருமளவு இறக்குமதி செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதி, புளோரிடா, லூசியானா போன்ற புழுக்கமான மாநிலங்களில் கந்தக வாயுவைக் கசியவிட்டது. ஏ.சி.யின் செம்புக் குழாய்கள் கறுத்தன, மின்கம்பிகள் அரித்தன, வீட்டில் அழுகிய முட்டை நாற்றம். குடும்பங்கள் வீட்டைவிட்டே வெளியேறின. பழைய தரவிதிகள் பலகையின் வலிமையையும் கனத்தையும் அளந்தனவே தவிர, வேறெதோடும் சேராத தனிக் கந்தகம் எவ்வளவு இருக்கலாம் என்று யோசிக்கவில்லை. பிறகு 2012ஆம் ஆண்டின் உலர்சுவர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பலகை ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரும் மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்றானது. தனிக் கந்தகத்துக்கு 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, என்ற வரம்பும் தரவிதியில் ஏறியது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில்தான் அந்தக் கோளாறு வெளிப்பட்டது என்பதை நம் கடலோரத்துக்காரர்கள் மறக்கக் கூடாது.

மூலப்பொருள் கதைக்கு வருவோம். இந்தியாவில் தோண்டியெடுக்கும் ஜிப்சம் ஏறத்தாழ முழுவதும் ராஜஸ்தானிலிருந்துதான் வருகிறது. வாலிநோக்கம் பாத்தியில் படிவதை வாரியெடுத்துப் பலகை செய்யலாமே என்று எவருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. தடை உப்புதான். யூரோஜிப்சம், அனல்மின் நிலையத் தரப்போடு சேர்ந்து, புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும்போது கிடைக்கும் ஜிப்சத்துக்கு ஒரு தர அளவுகோல் வகுத்தது. அதில் குளோரைடு 0.01 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. காரணம் எளியது: பலகை உலரும்போது உள்ளிருக்கும் உப்பு நீரோடு சேர்ந்து தாளுக்கு அடியில் வந்து தங்கும்; தாள் ஒட்டாமல் உரியும். கடல் ஜிப்சத்தை நன்றாகக் கழுவாமல் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். இராமநாதபுரத்தில் அதுதான் இல்லை. அதனால் கடல் ஜிப்சம் பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. சிமென்ட் கலந்தவுடன் இறுகிவிடாமல் தாமதிக்க அங்கே ஜிப்சம் தேவை.

பக்கத்தில் இன்னொரு வழி தூத்துக்குடி. உரத்துக்கான பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போது, ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் ஐந்து டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சும். அதில் பாஸ்பேட் பாறையிலிருந்து வந்த சிறிதளவு கதிரியக்கம் இருக்கக்கூடும் என்பதால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009இல் கட்டுமானப் பயன்பாட்டுக்கு விதி வகுத்தது. கதிரியக்கம் கிராமுக்கு 1 பெக்கரல் என்ற அளவுக்குக் குறைவாக இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. பாஸ்போஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்யும் ஜி.எஃப்.ஆர்.ஜி. சுவர்ப்பலகைகளைக் கொண்டு வீடு கட்டும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, 2013இல் தன் வளாகத்திலேயே மாதிரிக் கட்டடம் எழுப்பிக் காட்டியது. இப்படி ஒரு கழிவு கட்டடப் பொருளாக மாற வேண்டுமானால் உர ஆலை, பலகை ஆலை, ஒழுங்குமுறை வாரியம், வீடு வாங்குபவர் ஆகிய நால்வருக்கும் ஒரே அளவுகோல் மேல் நம்பிக்கை வர வேண்டும். அந்த நம்பிக்கையைத் தனியொரு கம்பெனியின் விளம்பரம் தராது.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஓர் அமைப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலே சாட்சி. சிமென்ட்டுக்கு முந்தைய இராமநாதபுரம் சுண்ணாம்புக் காரையின் ஊர். சிப்பியையும் பவளப் பாறையையும் காளவாசலில் சுட்டு, நீற்றி, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசத்தின் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் நிற்கின்றன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள், பவளக்கல்லின் துளைகள் கையில் தெரியும். அந்தக் கைத்திறனை நான் வணங்குகிறேன். ஆனால் அதன் பின்னால் பவளப்பாறைகள் பல்லாண்டு வெட்டியெடுக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளங்கள் 2001இல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதே முக்கியக் காரணம் என்கிறார்கள் கடல் ஆய்வாளர்கள். காளவாசல்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் சுட்டார்கள். ஆனால் தடை ஒன்று வரும் முன்பே மாற்றுக் கல்லைத் தேடவும், தொழிலைக் காக்கவும், ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசவும் அவர்களுக்கென ஒரு குரல் இருந்திருக்கலாம். இல்லாததால், தடை வந்த நாளில் தொழிலும் போனது, அரைக்கும் முறை தெரிந்த கைகளும் கலைந்தன.

கழிவு விஷயத்தில் பிரிட்டன் சங்கம் செய்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். ஜிப்சம் கழிவு, அழுகும் குப்பையோடு சேர்ந்து காற்றில்லாத ஈரத்தில் புதைந்தால், சல்பேட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைக் கிளப்பும். இங்கிலாந்தில் 2009 முதல் ஜிப்சத்தை அழுகும் குப்பையோடு கலந்து புதைக்கவே கூடாது என்றானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2007இல், அந்தச் சங்கம் கழிவுக் குறைப்புக்கான ராப் அமைப்போடு ஆஷ்டவுன் உடன்படிக்கை செய்து, பலகைக் கழிவைத் திரும்ப ஆலைக்கே எடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது. ஜிப்சத்தை மறுபடி சுட்டால் மறுபடி மாவு. எத்தனை முறையும் செய்யலாம். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டு, அதிலிருந்து வந்த ஜிப்சமும் நின்றுபோன இன்றைய நிலையில், அன்று போட்ட அந்தப் பாதை அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

நம் ஊரில் ஒடிந்த பலகைத் துண்டுகள் எங்கே போகின்றன? சிமென்ட் சாக்கில் கட்டி ஊருணிக் கரையிலும் கண்மாய் ஓரத்திலும் கொட்டுகிறார்கள். மழை பெய்து, தாளும் குப்பையும் அழுகி, கரையோரம் முட்டை நாற்றம் அடித்தால் அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதே ஜிப்சத்தை உழவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்: நிலக்கடலைக்கு எக்டேருக்கு 400 கிலோ இட வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது; களர் நிலத்தைத் திருத்தவும் ஜிப்சம்தான். (உவர் நிலத்துக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்து உவரில் கொட்டினால் பயனில்லை.) ஆனால் பலகையில் தாளும், கண்ணாடி இழையும், வேறு சேர்மானங்களும் இருப்பதால் சோதிக்காமல் வயலில் போடக் கூடாது. பிரித்து, சோதித்து, சேர்த்து அனுப்ப ஒரு பொது ஏற்பாடு இருந்தால்தான் அது உரம், இல்லாவிட்டால் நஞ்சு.

இவ்வளவு சொன்னபின், சங்கம் செய்யக் கூடாததையும் சொல்லியாக வேண்டும். போட்டியாளர்கள் அடிக்கடி சந்திக்கும் அறையில் விலைப் பேச்சும் நுழையலாம். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2012இல் போட்டி ஆணையம் சிமென்ட் கம்பெனிகளுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்து 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது பிறகு மேல்முறையீடு, மறுவிசாரணை என்று நீண்டது. அறிவையும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்வது ஒன்று, விலையைக் கூடி முடிவு செய்வது வேறொன்று. இந்தக் கோடு அழிந்தால் சங்கம் மக்களுக்கு எதிரான அமைப்பாகிவிடும்.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. கடலோரத்துக்கு எதைப் பூட்ட வேண்டும்? பெட்டியில் வரும் கறுப்பு ஸ்குரூவின் மேலிருப்பது பாஸ்பேட் பூச்சு. உலர்ந்த ஊருக்குப் போதும், உப்பு ஈரத்தில் நிற்காது. இங்கே துத்தநாகம் கனமாக ஏறிய ஸ்குரூ வேண்டும்; கடலை ஒட்டிய வீட்டுக்குத் துருவேறா எஃகு ஸ்குரூவே வேண்டும். சேனலிலும் துத்தநாகத்தின் எடையைக் கேட்டு வாங்க வேண்டும். தகட்டின் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் என்றால் கனமான பூச்சு, 120 கிராம் மெலிதானது. இரண்டும் கடையில் ஒரே மாதிரித்தான் பளபளக்கும். மண்டபம் ஊரில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் அரிமானச் (துரு அரிப்பு) சோதனைக் களம் இருந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருவேறா எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் வர்ணமும் தேடிப் போனதும் இந்தக் காற்றுக்காகத்தான். பாலத்துக்குக் கிடைத்த அறிவு கூடத்துக் கூரைக்கு இறங்கி வரவில்லை.

தண்ணீரும் அப்படியே. உவர்ப்பான போர் தண்ணீரில் பி.ஓ.பி. குழைத்தால், உப்பு அது இறுகுவதை வேகப்படுத்தும். கரண்டி ஓடும் முன்பே சட்டியில் கெட்டியாகும். தொழிலாளி மாவைக் குறை சொல்வார். மேலும் அந்த உப்பு பிறகு சுவரில் பூக்கும். ஜிப்சம் பூச்சுக்குச் சிமென்ட் பூச்சுபோல நாள்கணக்கில் தண்ணீர் விட வேண்டியதில்லை என்பது, லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டும் இந்த மாவட்டத்துக்குப் பெரிய வரம். ஆனால் ஓதம் ஏறும் தரைத்தளச் சுவரில், வெளிப்புறத்தில், குளியலறையில் அதைப் பூசினால் வரம் வீணாகும். ஜிப்சம் தண்ணீரில் சிறிது கரையும் பொருள். ஈரம் தாங்கும் பச்சைத்தாள் பலகைகூட ஈரத்தைத் தாங்குமே தவிர நனைந்தே கிடப்பதைத் தாங்காது.

இவை எதுவும் ரகசியம் இல்லை. தனித்தனித் தாளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எங்கோ இருக்கின்றன. ஒரு சங்கம் இவற்றைத் தொகுத்து, உப்புக்காற்றுக் கடற்கரைக்கென்று நாலு பக்கத் தமிழ்க் கையேடாக அச்சடித்து, பெட்டியோடு கடைக்கு அனுப்பினால், அது ஆயிரம் விளம்பரப் பலகைக்கு மேல். தேவிபட்டினம், பெரியபட்டினம், சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தந்தால், நாளை வளைகுடாவிலும் அது பேசும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இங்கே இருக்கிறது. அதில் பதிந்த பெயர்களிலிருந்தே ஆட்களைச் சேர்க்கலாம். மண்டபத்துக் காற்றில் பல கம்பெனிச் சேனலையும் ஸ்குரூவையும் வரிசையாகத் தொங்கவிட்டு, இரண்டு மழைக்காலம் கழித்து முடிவைச் சி.ஈ.டி. 4 குழுவின் முன் வைக்கலாம். சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் ஒன்றாகப் பார்க்கும் அந்தக் குழுவிடம் இராமநாதபுரம் சொல்ல வேண்டிய செய்தி இரண்டிலும் உண்டு என்பதால்தான் அதைப் பொருத்தமான சேர்க்கை என்றேன்.

கீழக்கரை வீட்டில் கூரையை ஒரு பக்கம் பிரித்தார்கள். பலகை முறுக்காகவே இருந்தது. சேனலின் நடுப்பகுதி வெள்ளையாக நின்றது; கத்தரித்த முனைகளில் மட்டும் துரு. அந்தத் தம்பி விரலால் சுரண்டிப் பார்த்து, வெட்டிய இடமெல்லாம் துத்தநாக பிரைமர் அடித்து, துருவேறா ஸ்குரூவுக்குத் தூத்துக்குடியில் சொல்லி அனுப்பினார். பிறகு ஒரு முனையைச் செல்போனில் படமெடுத்து, ஏர்வாடியில் வேலை செய்துகொண்டிருந்த தன் கூட்டாளிக்கு அனுப்பினார்: "மாப்ள, வெட்டுன எடத்தைப் பெயிண்ட் அடிக்காம மேல ஏத்தாதே."